படலையில் நிற்காமல் போன விதைநெல்

ஸ்கந்தபுரம்
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாட்சாயினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் அம்மா சுகம், மூளையைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் சுகம். நீயும் மருமகன் செந்தூரனும் பேத்தி வினோஜாவும் அங்கே குளிர்நாட்டில் ஒன்றையும் தவிர்க்காத முழுச் சுகத்தோடு இருக்க வாய்க்கால் கரைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்லிப் பார்த்தேன் பிள்ளை. போன கிழமை பாத்துச் செய் அவசரம் இல்லை என்றேன், நீ என் குரலைப் பிடித்துவிட்டாய். வேண்டாம் என்று சொல்லும்போதே வேண்டும் என்று கேட்கிற குரல் என்னுடையது, இது கலியாணம் கட்டிய நாளிலிருந்து அம்மா என்மேல் சொல்லுகிற குற்றச்சாட்டு. விருந்துக்குப் போன இடத்தில் நான் போதும் போதும் என்றால் இன்னும் இரண்டு அகப்பை விழுகிறது. எழுத்துக்குக் குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன். தாள் தாளாகப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புவேன், படத்தின் மூலையில் கறுப்பாக ஏதும் தெரிந்தால் அது என் பெருவிரல், அதை வாசிக்க வேண்டாம்.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் வழி மாறிப் போனாலும் நீ மாறக்கூடாது. திங்கட்கிழமை வைக்கப்போகிறேன் என்று சொன்ன கையெழுத்தை வைக்காதே. பழைய கொம்பனியில் உன் பெயரில் சேர்ந்து கிடக்கிற ஓய்வுகாலச் சேமிப்பைக் கையில் எடுக்காதே, எனக்கு அனுப்பாதே. அதை அந்தக் கணக்கிலிருந்து வங்கியில் உன் பெயரில் திறக்கிற ஓய்வுகாலக் கணக்குக்கு நேரே மாற்று. இதைத்தான் நீ ஆனி மாதம் எனக்குச் சொன்னாய், நான்தான் உன்னைக் குழப்பினேன்.

அன்றைக்கு நீ அனுப்பிய குரல் பதிவை நான் கேட்ட விதத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தொழிற்சாலை வேறு மாகாணத்துக்குப் போகிறது, எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றாய், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். பிறகு, அந்தச் சேமிப்பை என்ன செய்வது என்று கொம்பனி கேட்கிறது அப்பா, நேரே என்ரை கணக்குக்கு மாத்தினால் இப்ப வரி இல்லை, கையிலை எடுத்தால் பத்திலை மூண்டைப் பிடிச்சு அரசாங்கத்துக்கு அனுப்பிப்போட்டுத்தான் மிச்சத்தைத் தருவினம், அதோடை எடுத்தது முழுக்க இந்த வருசச் சம்பளத்தோடை சேரும், வருசக் கடைசியிலை இன்னும் கட்டச் சொன்னாலும் சொல்லுவினம் என்று விளங்கப்படுத்தினாய். நல்ல விளக்கம். கேட்ட காதுதான் பழுது. அவ்வளவு நீளத்தில் என் காதில் ஏறியது மிச்சத்தைத் தருவினம் என்கிற துண்டு மட்டும்தான். உடனே உனக்குப் போன் எடுத்து, அப்ப மிச்சம் வருந்தானே பிள்ளை என்று கேட்டேன். உங்களுக்கு ஏதும் தேவையோ அப்பா என்று நீ திருப்பிக் கேட்டாய். அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல தகப்பன் இல்லை என்று சொல்லியிருப்பான், நான் வெட்டுமெசின் என்று சொன்னேன்.

வெட்டுமெசினில் ஆசைப்பட்டதில் பிழையில்லை. ஒவ்வொரு போகமும் நெல் பழுத்து நிற்க, மெசின்காரன் இன்றைக்கு வாறன் நாளைக்கு வாறன் என்று புளியங்குளம் பக்கத்தில் நின்று கதை விடுவதும், அவன் வருவதற்குள் மழை வந்துவிடுவதும் உனக்குத் தெரியும். பக்கத்து வயல் முத்துலிங்கமும் நானும் பங்குக்குப் பழைய மெசின் ஒன்று எடுத்தால் எங்கள் வயலும் வெட்டலாம் ஊர் வயலும் வெட்டலாம் என்று வாய்க்கால் கட்டில் இருந்து திட்டம் போட்டோம். நீ ஓம் அப்பா எடுத்து அனுப்புறன் என்று சொன்ன அடுத்த நாளே ஊரில் அரைவாசிப் பேருக்கு நான் முதலாளி. அதோடு நின்றேனா. கிளிநொச்சிக்குப் போய் ஒரு தகரத்தில் சிவப்புப் பெயின்ரால் தாட்சாயினி என்று எழுதுவித்து, பக்கத்தில் ஒரு தாமரைப் பூவும் போடுவித்துக்கொண்டு வந்தேன். மெசின் வருமுன்னம் மெசினுக்குப் பெயர் வந்துவிட்டது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கமுதல் தொட்டில் கட்டுறது கூடாது எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையோ என்று கேட்டா. நான் தகரத்தை வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தேன், முதலாளிமார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவதில்லை.

இனி விதைநெல்லுக்கு வருகிறேன், எனக்குப் புத்தி வந்ததும் அதனால்தான். எங்கள் கமக்காரர் சங்கத்துக் களஞ்சியம் உனக்கு நினைவிருக்கும். காலபோகம் வெட்டினதும் எல்லாரும் விதைக்கென்று ஒதுக்குகிற மூடைகளைக் கட்டி முத்திரை வைத்து அங்கே அடுக்குவோம், பிறகு புரட்டாதியில் விதைக்க எடுப்போம். இந்த ஆடிக்காற்று அந்தக் களஞ்சியத்துக் கூரைத் தகரத்தில் பாதியைக் கழற்றிக்கொண்டு போய் ஆலமரத்தில் மாட்டிவிட்டது. கூரை போட்டு முடியும்வரைக்கும் அடுத்த ஊர்ச் சங்கம் இடம் தருகிறது, சங்கத்து உழவு இயந்திரம் வந்து மூடைகளை இந்தக் களஞ்சியத்திலிருந்து அந்தக் களஞ்சியத்துக்கு முத்திரை உடைக்காமல் நேரே ஏற்றிப்போகும், ஒருவருக்கும் ஒரு செலவும் இல்லை என்று சங்கத்துச் செயலாளர் சுகந்தினி கூட்டம் வைத்துச் சொன்னா. விரும்பினவை வீட்டை கொண்டுபோகலாம், ஆனால் வீட்டை போறது விதைக்கணக்கிலை இருந்து எடுத்ததாய்த்தான் பதிவோம், சங்கத்துக்குப் பத்துக்கு ஒண்டு கழிச்சுத்தான் தருவோம், திரும்பி வந்தால் விதையெண்டு எடுக்கமாட்டோம் என்றும் சொன்னா. எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். என் தலை நல்லாக ஆடும், உள்ளே போவதுதான் குறைவு.

உழவு இயந்திரம் வருவதாகச் சொன்ன நாள் வரவில்லை. சில்லு காற்றுப் போய்விட்டது, நாளைக்கு வரும் என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. என்னுடைய நெல், ஏற்றிப்போக என்னுடைய இரண்டு சில்லு உழவு மெசின் லான்ட்மாஸ்டர், இரண்டு நாள் என்னுடைய வீட்டில் கிடந்துவிட்டுப் பிறகு நானே கொண்டுபோய்ப் புதுக் களஞ்சியத்தில் போடுகிறேன், நடுவில் இவர்கள் யார் என்று கிளம்பிவிட்டேன். பிள்ளை, இதை நீ முட்டாள்தனம் என்று மட்டும் எண்ணாதே. யுத்தத்தில் நாங்கள் ஊர் விட்டு ஓடின காலத்தில் களஞ்சியத்தில் இருந்த நெல் களஞ்சியத்தோடு போனது, வங்கியில் இருந்த காசு வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது, அம்மாவின் கையில் கிடந்த காப்புத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அன்றிலிருந்து கையில் இருப்பதுதான் எங்களுடையது என்று இந்தக் கை பழகிப்போனது. உன்னிடம் காசை எடு என்று சொன்னதும் இந்தக் கைதான்.

சரி. பத்துக்கு ஒன்று கழித்து மிச்சத்தை ஏற்றிக்கொண்டு வந்து விறாந்தையில் அடுக்கினேன். அடுக்கின பிறகுதான் விளங்கியது, களஞ்சியத்தில் இருக்கிற நெல் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, விறாந்தையில் இருக்கிற நெல் ஊருக்கே தெரியும். முதல் நாள் கோயில் திருவிழாவுக்கு அரிசி சேர்க்கிறவர்கள் வந்தார்கள். மூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர வாய் திறக்கவில்லை. வாய் திறந்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது. அரை மூடை போனது. அடுத்தது முள்ளியவளையிலிருந்து உன் சின்னம்மா வந்தா, அங்கே வீட்டில் அரிசி முடிந்து போச்சாம், அக்கா வீட்டில் நெல் கிடக்கிறதாம். இன்னொரு மூடை பஸ் ஏறியது. இரண்டு நாள் என்றது ஒரு கிழமையாகி, நான் லான்ட்மாஸ்டருக்கு ஒரு சாமான் வாங்க வவுனியாவுக்குப் போய்ப் பின்னேரம் திரும்பினால், வளவு முழுக்க நல்ல வாசம். பெரிய கிடாரத்தில் நெல் அவிந்துகொண்டிருக்கிறது, அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து அடுப்புத் தள்ளுகிறா. ஐயோ இது விதைநெல்லெல்லோ என்று நான் தலையில் கையை வைக்க, அவா ஆறுதலாக, வீட்டுக்கை வந்த நெல்லு சாப்பாட்டு நெல்லு, விதைநெல்லெண்டால் ஏன் விறாந்தைக்கு வந்தது, அதுக்குக் களஞ்சியம் இல்லையோ என்று கேட்டா. அவித்த நெல்லை இனி என்ன செய்ய, காயவைத்துக் குற்றிச் சாப்பிட வேண்டியதுதான். சாப்பிட்டோம். ருசிக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் ஒவ்வொரு பிடியும் ஒரு பரப்பு வயலை விழுங்குவதுபோல இருந்தது.

மிஞ்சினதையாவது காப்பாற்றுவோம் என்று விடிய ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்க் களஞ்சியத்துக்குப் போனேன். நல்ல சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, ஒன்றும் நடக்காத முகத்தோடு போனேன். சுகந்தினி மூடையைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா. ஐயா இது வீட்டை போய் வந்த நெல்லோ என்று கேட்டா. சும்மா தங்கிப்போட்டு வந்தது பிள்ளை என்றேன். தங்கினாலும் போனது போனதுதான் ஐயா, நனைஞ்சுதோ கலந்துதோ எண்டு எனக்குத் தெரியாதெல்லோ என்று சொல்லிக்கொண்டே வாய் அவிழ்ந்து கிடந்த மூடைக்குள் கையை விட்டா. விட்ட கை வெளியே வரும்போது அதில் ஒரு கோழிமுட்டை இருந்தது. எங்கள் வெள்ளைப் பேடு, விறாந்தையில் மூடையைக் கண்டு தன் வீடு என்று நினைத்திருக்கிறது. வரிசையில் நின்ற அவ்வளவு பேரும் கண்டார்கள். முத்துலிங்கம் பின்னால் நின்று, என்ன தில்லை, உன்ரை விதைநெல்லு விதைக்க முதலே முட்டை போடுது, எனக்கும் அந்த இனத்திலை ஒரு கொத்துத் தா என்று கேட்க, களஞ்சியத்துக் கூரையையும் சிரிப்புக் கழற்றிவிடும்போல இருந்தது. சுகந்தினி சிரிக்காமல் அந்த முட்டையை என் கையில் தந்து, இதை மட்டும் கவனமாய் வீட்டை கொண்டுபோங்கோ ஐயா என்றா.

சங்கம் எடுக்காத மூடைகளைத் திரும்ப ஏற்றி, முட்டையைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு வருகிற வழியில், லான்ட்மாஸ்டர் சத்தத்துக்குள்ளும் உன் குரல் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் உன்னுடைய அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்துத் திரும்பக் கேட்டேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக உள்ளே போனது. நேரே மாற்றினால் முத்திரை உடையாது. கையில் எடுத்தால் வாசலிலேயே பத்தில் மூன்று கழிந்துவிடும், எங்கள் சங்கம் பரவாயில்லை, பத்துக்கு ஒன்றுதான். மிச்சமும் மிச்சம் இல்லை, முழுவதையும் இந்த வருட உழைப்பென்று எண்ணி மேலும் கேட்கலாம். திருப்பி வைக்கலாம் என்றால் எடுத்த அளவுக்கு அந்த ஓய்வுகாலக் கணக்கில் உனக்கென்று விட்டிருந்த இடமும் போய்விடும், வேறு சாதாரணக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்று நீ கடைசியில் சொன்னதை நான் அன்றைக்குக் கேட்கவேயில்லை, அப்போது மெசினுக்கு என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வரியை ஒளிக்கிற வேலை இல்லை அப்பா, வயசுபோன காலத்திலை கொஞ்சம் கொஞ்சமாய் எடுக்கேக்கை கட்டுறதுதான், அப்ப உழைப்புக் குறைவு வரியும் குறைவு என்று நீ சொன்னதும் இப்போதுதான் விளங்குகிறது. விதைநெல்லில் தீர்வை கேட்பது எந்த ஊர் நியாயம், விளைந்த பிறகு கேட்டால் கொடுக்கலாம். அங்கத்தைய அரசாங்கத்துக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் ஒரு கோழி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மெசின் கதை என்னாகும் என்று நீ கவலைப்படுவாய், உன்னை எனக்குத் தெரியும். முத்துலிங்கத்துக்குக் கொடுத்த வாக்கை எப்படித் திருப்பி எடுப்பது என்று இரண்டு நாள் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் போய், மச்சான் கோபிக்காதை, பிள்ளையின்ரை கிழட்டுக்காலத்துச் சோத்தை அவிச்சுத் தின்ன எனக்கு மனமில்லை, என்ரை அரைவாசி வராது என்றேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அட பாவி, என்னட்டை மட்டும் அரைவாசி எங்கை கிடக்கு, உன்ரை அரைவாசியைக் காட்டித்தான் மற்ற அரைவாசியை வங்கியிலை கேப்பமெண்டு இருந்தனான் என்றான். அப்படியென்றால் அந்த முழு மெசினும் உன் ஒருத்தியின் முதுகில்தான் ஓட இருந்திருக்கிறது. இரண்டு முதலாளிமாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிறுபோகம் வழமைபோல வாடகை மெசினில்தான் வெட்டினோம், வழமைபோல பிந்தித்தான் வந்தான், இந்த முறை மழைதான் மரியாதையாக ஒதுங்கி நின்றது. உன் பெயர் எழுதின தகரத்தை அம்மா கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறா. குறை நினைக்காதே, எழுத்து நல்ல எழுத்து, தாமரைப் பூவும் அழகு, வெள்ளைப் பேடு தினமும் உன் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் முட்டை போடுகிறது.

விதைக்கு என்ன செய்தேன் என்று கேள். நேற்று வெட்டின நெல்லில் நல்ல பாத்தியாகப் பார்த்துப் பிடித்து, வரம்பிலேயே தூற்றி, மூடை கட்டி, சங்கத்து முத்திரை வைப்பித்தேன். அதில் ஒரு மூடை உன் பெயரில். வயலிலிருந்து களஞ்சியத்துக்குப் போகிற வழி எங்கள் வளவு வாசல் படலையைத் தாண்டித்தான். தூரத்திலேயே கண்டேன், அம்மா ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் தட்டில் பணியாரமுமாகப் படலையில் நிற்கிறா. நான் நிற்பாட்டவில்லை. இஞ்சாருங்கோ, குடிச்சிட்டுப் போங்கோ என்று அவா கத்த, நான் நேரே றோட்டைப் பார்த்தபடி லான்ட்மாஸ்டரை விட்டேன். முழங்கால் நோவோடு அவா பத்தடி பின்னால் வந்தும் பார்த்தா. முகத்தைத் திருப்பினால் நிற்பாட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் திருப்பவில்லை. களஞ்சியத்தில் சுகந்தினி முத்திரையைப் பார்த்து, ஐயா இந்த முறை முட்டை இல்லையோ என்று கேட்டுவிட்டு உள்ளே எடுத்தா. திரும்பி வந்தபோது தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது, பணியாரம் இருக்கவில்லை, அம்மாவின் கதையும் அன்று முழுக்க இருக்கவில்லை. இன்று காலைதான் ஒரு சொல் சொன்னா. எழுதுங்கோ பிள்ளைக்கு, எடுக்கவேண்டாமெண்டு எழுதுங்கோ என்றா. ஆகவே இந்தக் கடிதம் இரண்டு பேருடையது, பிழைகள் மட்டும் என்னுடையவை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன், உனக்குத் தெரியும், தெரிந்ததைத் திரும்பச் சொல்லுவதுதான் தகப்பன் வேலை. முதலில் வங்கியில் உன் பெயரில் அந்தக் கணக்கைத் திற. கொம்பனித் தாளில் காசாகத் தா என்கிற இடத்தில் அடையாளம் போடாதே, நேரே மாற்று என்கிற இடத்தில் போடு. காசோலை வருவதாக இருந்தாலும் உன் பெயருக்கு வேண்டாம், வங்கியின் பெயருக்கு வரட்டும், உன் கை படக்கூடாது. விளங்காவிட்டால் வங்கியில் இருக்கிறவர்களைக் கேள், கேட்காமல் தலையாட்டாதே, ஆட்டுகிற தலை எங்கள் பரம்பரைச் சொத்து. மருமகனுக்கும் இதை வாசித்துக் காட்டு, முட்டைக் கதையில் மட்டும் கொஞ்சம் மரியாதையாக வாசி. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று கை அரித்தால் முழங்காலுக்குப் பூசுகிற அந்தக் களிம்பில் இரண்டு போத்தல் யாரும் வருகிறவர்களிடம் கொடுத்துவிடு, அதற்கு வரி இல்லை என்று நினைக்கிறேன். புது வேலையில் நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் தொடங்கமுதல் வினோஜாவுக்குச் சப்பாத்து வாங்கு, கால் வளர்ந்திருக்கும்.

நான் என்னை நம்பவில்லை பிள்ளை. நாளைக்கோ அடுத்த போகமோ முத்துலிங்கம் வந்து இன்னொரு திட்டம் சொல்லுவான், எனக்கு வாய் ஊறும், போன் எடுத்துச் சுற்றி வளைத்து ஏதாவது கேட்பேன். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து வாசி. நான் படலையில் நின்று கையைக் காட்டுவேன், தேத்தண்ணியும் வைத்திருப்பேன், பின்னால் பத்தடி ஓடியும் வருவேன். நீ நிற்பாட்டாதே. றோட்டைப் பார்த்துக்கொண்டு நேரே போ.

வாய்க்கால் கரைப் பிள்ளையாரும் எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் மூவருக்கும் என்றும் காவலாக இருக்கட்டும். திங்கட்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
மெசின் இல்லாத முதலாளி,
உன் அன்பு அப்பா
க. தில்லைநாதன்

அம்மா எழுதச் சொன்னது: பணியாரம் அவா சாப்பிடவில்லையாம், கோழிக்குப் போட்டாவாம்.